சரபோஜியின் மின்பொறி முதல் கபடிக்களம் வரை

"ஐயா, கரண்டு வச்சா காலு முன்னமாதிரி ஆயிடுமா?"

தமிழிலக்கியம் கற்பிப்போரிடம் பொதுவாக எவரும் கேட்கும் கேள்வியன்று இது. கேட்டவர் நம் வகுப்பு மாணவர். கபடிக்குப் பெயர்போன வடுவூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து படித்தவர். ஆட்டத்தின் நடுவே முழங்கால் மூட்டின் சிலுவை நார் அறுந்து, அறுவை மருத்துவம் முடிந்து, மூன்று மாதங்கள் கழித்து வகுப்புக்குத் திரும்பியிருந்தார். இரண்டு தொடைகளையும் அருகருகே வைத்துக் காட்டினார். ஒன்று தேக்குக் கட்டை. மற்றொன்று மூங்கில் கழி. அத்தனை வேறுபாடு!

இயன்முறை மருத்துவர் அந்த மெலிந்த தொடையில் மின்முனைகளைப் பதித்து, நாள்தோறும் அரைமணி நேரம் 'கரண்டு' வைத்துக்கொண்டிருந்தார். அதே வேளையில் ஊர் நண்பர் ஒருவர், இடுப்பிலும் தொடையிலும் கட்டிக்கொள்ளும் மின்பட்டை ஒன்றின் விளம்பரத்தைக் கைப்பேசியில் காட்டியிருக்கிறார். "ஓட வேண்டாம், உட்கார வேண்டாம், படுத்தபடியே பலம் பெறலாம்" என்பது அதன் சாரம். விலையோ அவர் தந்தையின் ஒரு மாத வருமானத்தைவிட மிகுதி. வாங்கலாமா என்பதே அவர் உண்மையில் கேட்க வந்தது.

நமக்கு அப்போது விடை தெரியவில்லை. "மருத்துவரைக் கேள் தம்பி" என்று அனுப்பிவிட்டோம். ஆனால் கேள்வி நம்மை விடவில்லை. தேடிப் படிக்கத் தொடங்கியபோதுதான், இந்த வரலாற்றின் ஒரு நுனி நம் தஞ்சை அரண்மனைக்குள்ளேயே இருப்பது தெரிந்தது. வாசக நண்பர்களோடு அதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரைப் பற்றி இங்கு நெடிய அறிமுகம் வேண்டியதில்லை. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கும்பினியாரிடம் போய்விட, கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே அவர் கையில் எஞ்சின. ஆளுவதற்கு நாடில்லாத மன்னர், அறிவதற்கு உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும். சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்ததும், தன்வந்திரி மகாலில் மருந்துகளை ஆய்ந்ததும், கண்நோயாளிகளின் விவரங்களைப் படங்களோடு பதிவுசெய்து வைத்ததும் நாம் அறிந்தவை. 1826இல் தஞ்சைக்கு வந்த ஆயர் ஹீபர், லவாய்சியர், லின்னேயஸ், பஃபோன் ஆகியோரின் நூல்களை மன்னர் சரளமாக எடுத்தாண்டதைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார்.

அம்மன்னரின் அரண்மனை அறைகளைப் பார்த்த ஐரோப்பியப் பயணி ஒருவரின் குறிப்பில் ஒரு சிறு பட்டியல் வருகிறது. காற்றுறிஞ்சும் பொறி, மின்பொறி, தந்தத்தால் செய்த எலும்புக்கூடு, வானியல் கருவிகள், பெட்டி பெட்டியாக நூல்கள். அந்நூல்களில் பல மருத்துவம் பற்றியவை என்பதையும் அக்குறிப்பு சேர்த்தே சொல்கிறது. மின்பொறிக்கும் எலும்புக்கூட்டுக்கும் மருத்துவ நூலுக்கும் ஒரே கூரை!

அக்கால மின்பொறி எப்படி இருக்கும்? ஒரு கண்ணாடி உருளை அல்லது வட்டு. அதைச் சுழற்றக் கைப்பிடி. சுழலும் கண்ணாடியை உரசிக்கொண்டிருக்கும் தோல் திண்டு. உரசலில் பிறக்கும் மின்னூட்டத்தை வாங்கிச் சேர்க்கும் உலோகத் தண்டு. அதை லெய்டன் சாடி என்னும் கண்ணாடிக் குடுவையில் தேக்கி வைத்து, வேண்டும்போது ஒரே வீச்சில் வெளியே விடலாம். 1740களின் நடுவில் இச்சாடி கண்டுபிடிக்கப்பட்டதும் ஐரோப்பா முழுவதும் ஒரே ஆரவாரம். பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் முன்னிலையில் நொல்லே என்ற பாதிரியார் 180 காவல் வீரர்களைக் கைகோத்து நிற்கச் செய்து, சாடியின் மின்னை அவர்கள்மீது பாய்ச்ச, அத்தனை பேரும் ஒரே கணத்தில் துள்ளினார்களாம். போர்க்களத்தில் எந்தத் தளபதியின் கட்டளைக்கும் அப்படி ஒருசேர அசைந்திராத 180 உடல்கள்! உடையவனின் விருப்பமின்றியே தசையை அசைக்க முடியும் என்பதை அரசவை வேடிக்கையாக உலகம் கண்டுகொண்ட நாள் அது.

வேடிக்கை உடனே மருத்துவமாகவும் மாறியது. செருமனியின் ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் கிராட்சென்ஸ்டைன் என்ற இளைஞர் 1740களின் நடுவில் மின்னின் மருத்துவப் பயன் பற்றி நூல் எழுதினார். மடங்கி விறைத்த ஒரு பெண்ணின் சுண்டுவிரல் கால்மணி நேர மின்னூட்டத்தில் நிமிர்ந்ததாக அதில் பதிந்தார். ஹாலே என்றதும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வரும். தரங்கம்பாடிக்குச் சீகன்பால்கு முதலாக மறைப்பணியாளர்களை அனுப்பிய நகரம் அதுவே. சரபோஜியின் இளமைக்குக் காவலாக நின்ற ஸ்வார்ட்ஸ் ஐயரும் அதே பல்கலைக்கழகத்தில் பயின்று 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியவர்தாம். கிராட்சென்ஸ்டைனோ பின்னர் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பேராசிரியரானார்; தரங்கம்பாடி அப்போது டேனியர் கையில் இருந்த துறைமுகம். இவற்றை வலிந்து முடிச்சுப் போட வேண்டியதில்லை. நம் கடற்கரைக்கு வந்த கப்பல்கள் எத்தகைய அறிவுலகத்திலிருந்து புறப்பட்டன என்பதை உணர்ந்தால் போதும்.

தசை வலிமை என்ற நம் பொருளுக்கு நேரடியாக வந்த முதல் சான்று ஜெனீவா நகரத்தது. அங்கே ஜலபேர் என்ற அறிஞர், பூட்டுச் செய்யும் தொழிலாளி ஒருவரின் வலக்கைக்கு மருத்துவம் பார்த்தார். பல்லாண்டுகளுக்கு முன் சம்மட்டி அடி தவறி விழுந்து செயலிழந்து சூம்பிப்போன கை. ஜலபேர் அக்கையின் தசைகளிலிருந்து நாள்தோறும் மின்பொறிகளை எழுப்பி அவற்றைத் துடிக்க வைத்தார். சில வாரங்களில் கை அசையத் தொடங்கியது, சதையும் பிடித்தது. 1748இல் அவர் வெளியிட்ட நூல் இதைச் சொல்ல, ஐரோப்பாவெங்கும் முடவர்கள் மின்பொறிகளைத் தேடி ஓடினர். ஆனால் அதே நொல்லே பாரிசில் முடமான படைவீரர்களிடம் அதைச் செய்து பார்த்தபோது, சொல்லத்தக்க பயன் கிட்டவில்லை.

இவ்விடத்தில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினை நினைக்காமல் மேலே செல்ல முடியாது. பக்கவாதம் கண்ட பலரைச் சுற்றத்தார் அவரிடம் அழைத்து வந்தனர். அவரும் மின்னூட்டி அனுப்பினார். முதல் சில நாள்கள் முன்னேற்றம் தெரிந்தது. பிறகு அது நின்றுவிட்டது. நிலைத்த பயன் எதையும் காணவில்லை. 1757இல் எழுதிய கடிதத்தில் இதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்ட அவர், கூடவே ஓர் ஐயத்தையும் எழுப்பினார். கண்ட சிறு முன்னேற்றமும் மின்னால் வந்ததா? அல்லது நாள்தோறும் தம் வீட்டுக்கு வந்துபோன உடலுழைப்பால் வந்ததா? அல்லது குணமாகிவிடும் என்ற நம்பிக்கையில் அவர்களே கைகால்களை முயன்று அசைத்ததால் வந்ததா? இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் இத்துறையில் நேர்மையான ஒவ்வோர் ஆய்வாளரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே.

தமிழாசிரியர் என்ற உரிமையில் ஒரு சொல்லாராய்ச்சிக்கும் இடம் கேட்கிறோம். பக்கவாதத்துக்குப் பழைய தமிழில் 'திமிர்வாதம்' என்றொரு பெயர் உண்டு. தமிழ் விவிலியத்தில் 'திமிர்வாதக்காரன்' என வருவதைப் பலரும் படித்திருப்பீர்கள். திமிர் என்றால் மரத்துப்போதல். அதே திமிர்தான் உடற்கொழுப்பையும் செருக்கையும் குறிக்கிறது. உணர்வற்ற உடலுக்கும் வலிமை மிஞ்சிய உடலுக்கும் ஒரே சொல்! நம் கடலில் கைபட்டால் மரத்துப்போகச் செய்யும் மின்திருக்கை உண்டு. ஐரோப்பிய மீனியல் அறிஞர்களான பிளாக், ஷ்னைடர் ஆகியோரின் 1801ஆம் ஆண்டு நூலில், தரங்கம்பாடியிலிருந்து சென்ற ஒரு மின்திருக்கை 'டிம்லெய்' என்ற பெயருடன் இடம்பெற்றிருக்கிறது. இன்றும் அதன் அறிவியற்பெயரின் இரண்டாம் பகுதி அதுவே. உரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே இவ்வகை மீனைத் தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் வைத்துக் கட்டச் சொன்னவர். மின்மருத்துவத்தின் முதல் கருவி பொறியன்று, மீன்தான்.

சரபோஜி பிறந்தது 1777இல், மறைந்தது 1832இல். அந்த ஒரு வாழ்நாளுக்குள் மின்னியல் எங்கிருந்து எங்கு போய்விட்டது என்று பாருங்கள். 1791இல் கால்வானி தவளைக்கால் துடித்த கதையை வெளியிட்டார். 1800இல் வோல்ட்டா தம் மின்கலத்தை அறிவித்தார். 1831இல் ஃபாரடே மின்தூண்டலைக் கண்டார். அதன் பயனாக வந்த சுருள்களைக் கொண்டு பிரெஞ்சு மருத்துவர் துஷேன், தோலைக் கிழிக்காமலே ஈரமான மின்முனைகளை வைத்துத் தனித்தனித் தசைகளைச் சுருங்கச் செய்தார். அவருடைய பெருநூல் 1855இல் வந்தது. இன்று இயன்முறை மருத்துவர்கள் எந்தத் தசைக்கு எந்த இடத்தில் மின்முனை வைப்பது என்று அறிந்து வைக்கிறார்களே, அந்த அறிவு துஷேன் வழிவந்தது.

இதுவரை நாம் கண்டதெல்லாம் நோயாளியின் உடல். நலமான உடலை, அதுவும் விளையாட்டு வீரரின் உடலை, மின்னால் மேலும் வலுப்படுத்தலாம் என்ற எண்ணத்துக்கு உலகறிந்த வடிவம் தந்தவர் சோவியத் நாட்டின் யாக்கோவ் கோட்ஸ். 1971இல் வெளியான அவருடைய தொடக்க ஆய்வில் இளம் மற்போர் வீரர்களே சோதனைக்கு உட்பட்டனர். 10 நொடி மின்னோட்டம், 50 நொடி ஓய்வு, இப்படிப் பத்து முறை. ஓய்வு ஏன் ஐந்து மடங்கு? அதற்குக் குறைந்தால் அடுத்த சுருக்கத்தில் தசை தளர்ந்துவிடும் என்பதால். பின்னர் நொடிக்கு 2500 அலைவுகள் கொண்ட மின்னோட்டத்தை நொடிக்கு 50 கொத்துகளாகப் பிரித்துச் செலுத்தும் முறை அவர் பெயரோடு பரவியது. 1977இல் கனடாவின் மொன்றியால் நகரில், கன்கார்டியா பல்கலைக்கழகத்தில் கோட்ஸ் உரையாற்றினார். தேர்ந்த வீரர்களின் வலிமை 30 முதல் 40 விழுக்காடு வரை கூடியதாகச் சொல்லப்பட்ட செய்தி அங்கிருந்து மேலைநாடுகளுக்குப் பரவியது. பனிப்போர்க் காலம் அல்லவா? சோவியத் வீரர்களின் பதக்கங்களுக்கெல்லாம் இந்த 'ருசிய மின்னோட்டமே' மறைபொருள் என்று நம்பியவர்கள் உண்டு.

மூலபாடம் காணாமல் உரைகளை மட்டும் படித்துச் சண்டையிடும் புலவர்களை நாம் அறிவோம். அறிவியலிலும் அதுவே நடந்தது. கோட்ஸின் மூலக் கட்டுரைகள் ருசிய மொழியில் இருக்க, உலகம் கால்நூற்றாண்டுக்கு மேல் செவிவழிச் செய்தியை வைத்தே வாதிட்டுக்கொண்டிருந்தது. 2002இல் வார்டு, ஷ்குராத்தோவா என்னும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் அம்மூலங்களை எடுத்துப் படித்து ஆங்கிலத்தில் விளக்கினர். இதற்கிடையில் பிற நாடுகளில் செய்து பார்த்தவர்களுக்கு வலிமை கூடியது உண்மை. ஆனால் 40 விழுக்காடு என்ற வியப்பு எளிதில் வாய்க்கவில்லை. 1989இல் தேர்ந்த பளுதூக்கும் வீரர் ஒருவரிடம் நடந்த ஆய்வில் அவர் தூக்கிய எடை கூடியது. அவரும் தம் வழக்கமான பயிற்சியை விடாமல் செய்துகொண்டிருந்தவர்தாம் என்பதை மறக்கலாகாது.

ஏன் இப்படி? நாமே ஒரு சுமையைத் தூக்கும்போது மூளை முதலில் சிறிய, எளிதில் களைக்காத தசையிழைகளை அழைக்கிறது. சுமை கூடக்கூடப் பெரிய இழைகளை இறக்குகிறது. களைத்தவற்றுக்கு ஓய்வு தந்து வேறு இழைகளை முன்னிறுத்துகிறது. வாய்க்கால் தலைப்பில் நின்று முறைவைத்து நீர் பாய்ச்சும் நம் நீர்க்கட்டிபோல! வெளியிலிருந்து வரும் மின்னோட்டத்துக்கு அந்த முறை தெரியாது. மின்முனைக்கு அருகிலுள்ள நரம்புக் கிளைகள் எவையோ, அவற்றின் இழைகளையே மீண்டும் மீண்டும் ஒருசேர இழுக்கிறது. அதனால் வலிமையான சுருக்கம் கிட்டும். களைப்பும் விரைவில் வரும். தொடக்க வாரங்களில் கூடும் வலிமையில் பெரும்பங்கு தசை பருத்ததால் வருவதன்று, நரம்பு மண்டலம் பழகியதால் வருவது. ஒரு காலுக்கு மின்னூட்டினால் மறுகாலுக்கும் சிறிது வலிமை கூடுவதை ஆய்வுகள் கண்டிருப்பது இதற்குச் சான்று.

தாங்குதிறனின் கதை சற்றே வேறு. 1969இல் சால்மன்ஸ், விர்போவா ஆகிய இருவர், முயலின் விரைதசைக்குச் செல்லும் நரம்பை நொடிக்குப் பத்துத் துடிப்பு என்ற மெதுவான கதியில் வாரக்கணக்கில் தூண்டினர். அத்தசை மெல்லச் சுருங்கும் தசையின் இயல்பைப் பெறத் தொடங்கியது. மெல்லச் சுருங்கும் தசையோ எளிதில் களைக்காதது. தசையின் பிறவிக்குணமென நினைத்திருந்தது உண்மையில் அது நாள்தோறும் பெறும் கட்டளையின் விளைவு என்று தெரிந்தது. ஆனால் முயலுக்குச் செய்ததுபோல் இடைவிடாமல் வாரக்கணக்கில் தூண்டுவதை எந்த ஓட்டக்காரரால் தாங்க முடியும்? களத்தில் ஓடிப்பெறும் தாங்குதிறனில் தசைக்கு மட்டுமன்றி இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பங்குண்டு.

இத்தனை நுட்பங்களும் சந்தைக்கு வந்தபோது 'படுத்தபடியே பலம்' என்று சுருங்கிவிட்டன. 2002இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம், உடற்பயிற்சியின்றியே வயிற்றுத் தசை திரளும் என்று விளம்பரப்படுத்திய மூன்று மின்பட்டைகளின் விற்பனையாளர்கள்மீது வழக்குத் தொடுத்தது. உடல் முழுவதையும் ஒரே நேரத்தில் தூண்டும் உடைகள் பின்னர் வந்தன. பழக்கமில்லாதவர்கள் முதல் நாளே கடுமையாகத் தூண்டிக்கொண்டு, தசையிழைகள் சிதைந்து, அச்சிதைவு குருதியில் கலந்து, சிறுநீரகத்துக்கு ஊறு நேரும் நிலையில் மருத்துவமனைக்கு வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

அப்படியானால் நம் மாணவரின் தொடையில் வைத்த மின்னோட்டமும் வீண்தானா? இல்லை. அவருக்கு நேர்ந்தது வேறு. மூட்டில் அறுவை நடந்ததும், மூளை அந்தத் தொடைத்தசையை முழுமையாக இயக்க மறுத்துவிடுகிறது. முயன்றாலும் கட்டளை போய்ச் சேர்வதில்லை. ஆகவே தசை சூம்புகிறது. அங்கே மின்னோட்டம், அடைபட்ட வாய்க்காலுக்கு மாற்றாக ஒரு பக்கவாய்க்கால். 1995இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, சிலுவை நார் அறுவை முடிந்த 110 பேரை ஒப்பிட்டது. மருத்துவ நிலையத்தில் பெரிய கருவியால் வலுவாகத் தூண்டப்பட்டவர்களின் தொடை, நலமான தொடையின் வலிமையில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை எட்டியது. பயிற்சியை மட்டும் கடுமையாகச் செய்தவர்கள் 57 விழுக்காடு. மின்கலத்தில் இயங்கும் சிறு கருவியை வீட்டில் கட்டிக்கொண்டவர்கள் 51 விழுக்காடு மட்டுமே. இழந்ததை மீட்பதில் மின்னுக்குப் பங்கு உண்டு. விளம்பரப் பட்டையின் மெல்லிய சுருக்கென்ற குத்தலுக்கு அத்தகுதி இல்லை.

இதைப் படித்த மறுநாளே மாணவரை அழைத்துச் சொன்னோம். "பட்டை வேணாம் தம்பி. அந்தக் காசுக்கு மருத்துவர்கிட்ட ஒழுங்காப் போ. அவர் கரண்டு வைக்கிறப்போ நீயும் சேர்ந்து காலை இறுக்கு." அவர் சிரித்தார். "அதைத்தான் ஐயா அவரும் சொல்றாரு. கரண்டு வரும்போது சும்மா படுத்திருக்காதே, நீயும் தள்ளுங்கிறாரு." ஃபிராங்க்ளினின் கடிதத்தை அந்த மருத்துவர் படித்திருக்க வேண்டியதில்லை, கையறிவே அவருக்கு அதைக் கற்றுத் தந்திருந்தது.

சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைச் சாத்தந்தையார் பாடிய புறநானூற்றின் 80ஆம் பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இப்போது அந்தத் தொடைகளே நினைவுக்கு வருகின்றன. புலவர் அங்கே புயத்தின் பருமனை அளக்கவில்லை. ஒரு கால் மார்பில் ஊன்றியதையும், மறுகால் எதிரியின் சூழ்ச்சியைப் பின்னே தடுத்ததையும் பாடுகிறார். எந்தக் கணத்தில் எந்தத் தசை இறுக வேண்டும், எது தளர வேண்டும் என்பதை அறிந்த உடலின் கல்வி அது. அக்கல்வியை எந்த மின்முனையும் ஊட்டாது.

மேட்டூரில் நீர் திறந்துவிட்டார்கள் என்பதற்காக உழாத வயலில் நாற்று வேர்பிடிப்பதில்லை. நீர் இல்லாமலும் நடவு இல்லை. மின்னுக்கும் தசைக்கும் உள்ள உறவும் அவ்வளவே என்று நாம் புரிந்துகொண்டோம்.

மாணவர் அடுத்த ஆண்டு மாட்டுப்பொங்கலையொட்டி ஊரில் நடந்த ஆட்டத்தில் மீண்டும் களமிறங்கினார். பழைய வேகம் முழுவதும் வரவில்லை. இரண்டாம் பாதியில் மாற்றாள் இறங்கினார். ஆனால் பாடிச் சென்று கோட்டைத் தொட்டுத் திரும்பிய அந்தக் கால், அவருடைய கால்.